கைமாத்து

வெள்ளிக்கிழமை மூன்று மணிக் கூட்டம்.
பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் விட்டதால்
பாதிப்பேர் நடவுக்குப் போய்விட்டார்கள்.
மீதி பதினோரு பேர்
நாலாம் வகுப்புப் பெஞ்சில், முழங்கால் இடிக்க.

நான் தலைவர். பெயர் பாண்டிமீனா.
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் என்று
எனக்கு ரப்பர் முத்திரை உண்டு.
அதற்கான மை டீச்சரின் பீரோவில்.

இரண்டு வருடமாகக் கையெழுத்துப் போட்டேன்.
பென்சிலால் பெருக்கல் குறி போட்டுத் தருவார்கள்,
அந்த இடத்தில் போடுவேன்.
டீ வரும், ஆளுக்கொரு வடை வரும்,
'ஏகமனதாக' என்று முடியும்.
அந்த ஏகமனது யாருடையது என்று
வீட்டுக்கு நடக்கையில் யோசித்திருக்கிறேன்.

இந்த முறை கேட்டேன்,
"பொம்பளைப் புள்ளைக கக்கூசுல
ஆடியிலருந்து ஏன் தண்ணி வரல?"

ஜெசிந்தா டீச்சர் கெட்டவர் அல்ல.
விரலை மடக்கினார்.
கட்டடம் ஒன்றியத்தோடது,
மோட்டார் எம்.பி. நிதி,
கரண்டு பில் ஊராட்சி,
கூட்டுகிறவளுக்குச் சம்பளம் வேறு இலாகா, நாலு மாதப் பாக்கி,
முட்டை சமூகநலத்துறை.
"நான் மட்டுந்தாம்மா கல்வித்துறை."
சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

ஊராட்சி கிளார்க் சேவுகன் உட்காரவே இல்லை.
"அந்த மோட்டாரு எங்க பதிவேட்டுல கெடையாது.
இல்லாத மோட்டார எப்படி ரிப்பேர் பாக்குறது?"
நியாயம்தான்.

என் மகள் ஏழாம் வகுப்பு.
காலையில் நிரப்பித் தருகிற பாட்டில்
சாயங்காலம் அதே கனத்தோடு திரும்பி வரும்.
குடித்தால் போக வேண்டும்.
போக இடமில்லை.
அந்தத் தண்ணீரைக் கொல்லை முருங்கைக்கு ஊற்றுகிறேன்.
முருங்கை நன்றாக வருகிறது.

பாலிஷ் பட்டறை முதலாளி ஆள் அனுப்பியிருந்தார்.
மோட்டார், தொட்டி, டைல்ஸ் எல்லாம் அவர் செலவு,
வாசலில் கறுப்புக் கிரானைட்டில் அவர் அப்பா பெயர்
ஆறடிக்கு மூன்றடி.
பள்ளிக்கூடத்தின் போர்டே இரண்டடிதான், அதுவும் துரு.
ஓசியில் வருவதை ஏன் விடணும் என்றது ஒரு குரல்.
நூர்ஜகான் அக்கா நிமிர்ந்து பார்த்தது.
"கல்லு நம்மூருக் கல்லு.
பேரு மட்டும் அவுக அத்தா பேரா?"

மானியத்தில் பாதிதான் வந்திருந்தது.
வெள்ளையடித்து, சாக்பீஸ் வாங்கி,
மிச்சம் ஆயிரத்து நூறு.
காயில் கட்ட மேலூரில் கேட்டது நாலாயிரத்து இருநூறு.

போன் கவருக்குள் மடித்து வைத்த நூறு,
பால் சொசைட்டிப் பணத்தில் நூறு,
புருஷனுக்குத் தெரியாத நூறு.
அங்கேயே பதினொன்று,
இருட்டுவதற்குள் தெருவில் இருபது.

மறுநாள் டீச்சர் எழுதினார்:
தீர்மானம் நான்கு, பெற்றோர் நன்கொடை ரூ. 3,100.
பேனாவை வாங்கி
நன்கொடையை அடித்தேன்.
மேலே எழுதினேன்: கைமாத்து.
அரசாங்கத்துக்கு முப்பத்தொரு தாய்மார் கொடுத்தது.
வட்டி வேண்டாம்.
அசல் வேண்டும்.

"அப்படி ஒரு கலமே இதுல இல்லம்மா."
"ஸ்கேல் வச்சு ஒண்ணு போடுங்க டீச்சர்.
நன்கொடைன்னா அடுத்த வருசமும் கேப்பாக.
கைமாத்துன்னா
மூஞ்சியப் பாக்கவாவது கூசும்ல."

டீச்சர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார்.
பிறகு ஸ்கேலைத் தேடினார்.
அவருக்குப் பென்ஷனுக்கு மூன்று வருடம் இருக்கிறது,
அந்தக் கோடு லேசாக நடுங்கித்தான் இருக்கும்,
போய்ப் பாருங்கள்.

திங்கட்கிழமை பாட்டில் பாதி காலியாக வந்தது.

கார்த்திகையில் கொட்டாம்பட்டியிலிருந்து ஒரு கடிதம்.
மேற்படி பதிவுக்கு விளக்கம் கோரி,
தலைவர் திருமதி பாண்டிமீனா அவர்களுக்கு.
அரசாங்கம் என் பெயருக்கு எழுதியதில் இதுதான் முதல்.
இரண்டு பக்கம், மூன்று விதி எண்கள், பத்து நாள் அவகாசம்.
பணத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

மகளின் ரப் நோட்டில் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
ஐயா,
விளக்கம் சொல்ல நேரில் வருகிறோம்.
முப்பத்தொரு பேர்.
உட்கார இடம் போட்டு வையுங்கள்.